இந்தோனேசியாவின் உயர்ந்த மலைகள்: எதில் தொடங்கி எதில் முடிப்பது

இந்தோனேசியாவின் உயரமான மலைகளை உயர வரிசையில் எழுதினால் அந்தப் பட்டியலால் உங்களுக்குப் பெரிய பயன் இருக்காது. முதலிடம் 4,884 மீட்டர் உயரமுள்ள புன்சாக் ஜெயா. அடுத்தடுத்த இடங்களும் அதே பாப்புவா தீவின் முகடுகளுக்கே போகும். அங்கே போகச் செலவு அதிகம், அனுமதி கிடைப்பது கடினம், அரசியல் நிலவரமும் சரியில்லை. அதனால் அந்நாட்டு மலையேறிகள் வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெரிய தீவு அல்லது தீவுக்கூட்டத்துக்கும் ஓர் உச்சி என்று ஏழு மலைகள். பாப்புவாவுக்குப் புன்சாக் ஜெயா, சுமாத்ராவுக்குக் கெரிஞ்சி (3,805 மீ), நுசா தெங்காராவுக்கு ரிஞ்சானி (3,726), ஜாவாவுக்கு செமேரு (3,676), சுலாவெசிக்கு லாத்திமோஜோங் (3,478), மலுக்குவுக்கு பினாயா (3,027), கலிமந்தானுக்கு புக்கித் ராயா (2,278). இந்த வழிகாட்டியில் நானும் அந்தக் கணக்கையே பின்பற்றுகிறேன். ஆனால் உயரம் பார்த்து அல்ல, ஏற வேண்டிய வரிசை பார்த்து.

நம் ஊர் அளவுகோலும் ஒன்று கையில் இருக்கட்டும். தொட்டபெட்டா 2,637 மீட்டர். மேலே வரை கார் போகும், சுடச்சுட மிளகாய் பஜ்ஜி கிடைக்கும். ரிஞ்சானியில் முதல் நாள் இரவு கூடாரம் போடும் இடத்தின் உயரம் 2,639. அதாவது தொட்டபெட்டா உச்சியில் படுத்துத் தூங்கிவிட்டு, நடுராத்திரி எழுந்து அதற்கு மேல் இன்னும் 1,087 மீட்டர் ஏற வேண்டும்.

முதலில் மலை திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

விமான டிக்கெட்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலானவர்கள் இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள். இந்தோனேசியாவில் உயிரோடு இருக்கும் எரிமலைகள் சுமார் 127. அரசின் எரிமலைக் கண்காணிப்பு மையம் ஒவ்வொன்றுக்கும் நான்கில் ஒரு நிலையை அறிவிக்கும்: நோர்மால், வாஸ்பாடா, சியாகா, ஆவாஸ். முதல் நிலை என்றால் அமைதி. இரண்டாவது நிலையில் எரிமலை வாயிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் போகக்கூடாது என்று ஒரு வட்டம் போடுவார்கள். பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்தான் உச்சியும் இருக்கும். மூன்று, நான்கு என்றால் பேச்சே வேண்டாம், வேறு மலை பாருங்கள். ‘மக்மா இந்தோனேசியா’ என்ற அரசுத் தளத்தில் அன்றன்றைய நிலவரம் கிடைக்கும். சுற்றுலா ஏற்பாட்டாளர் வாட்ஸ்அப்பில் “ஓகே சார், நோ ப்ராப்ளம்” என்று சொன்னாலும் நீங்களே ஒரு தடவை திறந்து பாருங்கள்.

அப்புறம் மழை. ஜாவாவிலும் ரிஞ்சானி இருக்கும் லொம்போக் தீவிலும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். ரிஞ்சானியின் பாதைகளை வழக்கமாக ஜனவரி முதல் மார்ச் வரை மூடிவிடுவார்கள். கெரிஞ்சி நிலநடுக்கோட்டுக்கு ஒட்டியே இருப்பதால் அங்கே எந்த மாதமும் மழை வரும். மே முதல் செப்டம்பர் வரை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மலுக்குவில் கணக்கே தலைகீழ். ஜாவா காய்ந்து கிடக்கும் ஜூன், ஜூலையில் அங்கே கொட்டித் தீர்க்கும்.

ஆகஸ்ட் 17-ஐத் தவிர்ப்பது நல்லது. அன்று அவர்களின் சுதந்திர தினம். கொடியை எடுத்துக்கொண்டு நாடே மலை ஏறும். உச்சியில் நிற்க இடம் இருக்காது, கழிப்பிடத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கூட்டமும் பாட்டும் பிடிக்குமென்றால் மட்டும் அந்த வாரம் போங்கள். ரம்ஜான் மாதத்தில் வழிகாட்டிகள் பலர் நோன்பிருப்பார்கள், பெருநாளை ஒட்டி ஊருக்கும் போய்விடுவார்கள். அதையும் நாள் குறிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதங்கள்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு வந்திறங்கியதும் விசா உண்டு. 30 நாள், 5 லட்சம் ரூபியா, ஒரு முறை நீட்டிக்கலாம், இணையத்திலேயே முன்கூட்டி வாங்கலாம். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. தேசியப் பூங்காவுக்குள் நுழைய ‘சிமாக்சி’ என்கிற அனுமதிச் சீட்டு வேண்டும். பல இடங்களில் மருத்துவரிடம் வாங்கிய உடல்நலச் சான்றும் கேட்பார்கள். மலையடிவாரத்து சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு உடனே தருவார்கள். ரிஞ்சானிக்கு ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு இருக்கிறது, பதிவு இணையத்தில். 2025 ஜூனில் வெளிநாட்டுப் பெண் ஒருவர் உச்சிப் பாதையில் சரிந்து விழுந்து இறந்தார். மீட்க நான்கு நாளுக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகு விதிகள் இறுகின. பயணக் காப்பீடு எடுக்கும்போது எவ்வளவு உயரம் வரை செல்லுபடியாகும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பல காப்பீடுகள் 3,000 மீட்டரோடு கைகழுவிவிடும்.

உடம்பைத் தயார் செய்வது

வெள்ளியங்கிரி ஏழு மலை ஏறி இறங்கியவரா? மறுநாள் படியில் இறங்கும்போது முழங்கால் எப்படி இருந்தது? அதுதான் உங்கள் மதிப்பெண். ஓரளவு சமாளித்தீர்கள் என்றால் மூன்று மாதப் பயிற்சி போதும். வாரத்தில் இரண்டு நாள் எட்டுப் பத்து கிலோ பையோடு மாடிப்படி, ஒரு நாள் நீண்ட நடை. ஏறுவதைவிட இறங்குவதைப் பழகுங்கள். நுரையீரல் கைவிட்டால் உட்கார்ந்து மூச்சு வாங்கலாம். தொடை கைவிட்டால் இறங்க வழியில்லை.

பொருட்களில் நான்கைச் சொல்கிறேன், மற்றதை எல்லாப் பட்டியலிலும் பார்க்கலாம். நெற்றி விளக்கும் அதற்கு மாற்று பேட்டரியும். கையுறை. முகத்துக்கு மெல்லிய துணி அல்லது மாஸ்க். காலணிக்குள் சாம்பல் மணல் புகாமலிருக்கக் கணுக்கால் உறை. நான்காவதை “நமக்கு எதற்கு” என்று விட்டுவிட்டுப் போனேன். ஒவ்வோர் அரை மணிக்கும் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, கால் கிலோ எரிமலையைக் கொட்டிவிட்டு மறுபடி கட்டினேன். குளிரில் விரல் விறைத்துப்போய் கயிறு முடிச்சு விழவே இல்லை.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு: தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தாஹு (டோஃபு) இரண்டும் எங்கும் கிடைக்கும், பிரச்சினை சம்பல் என்கிற மிளகாய்ச் சட்னியில்தான். அதில் ‘தெராசி’ எனும் இறால் விழுது அரைத்திருப்பார்கள். பார்த்தால் தெரியாது, மூக்குதான் சொல்லும். முன்கூட்டியே தெராசி இல்லாமல் என்று சொல்லிவைத்தால் சமையல்காரர் தனியாக மிளகாய் இடித்துத் தருவார்.

பழகுவதற்கு லாவு

நேரே ரிஞ்சானிக்குப் போகாமல் ஜாவாவில் ஒரு மலை ஏறிப் பாருங்கள். மெர்பாபு (3,145 மீ) நல்ல தேர்வு. புல்வெளி வழியாக ஏறினால் எதிரே மெராபி எரிமலை முழுசாகத் தெரியும். ஆனால் என் ஓட்டு லாவுவுக்கு (3,265 மீ). செமோரோ செவு வழி முழுக்கக் கல் படிகள். செத்தோ வழி நீளம், ஆனால் அது தொடங்குவதே ஒரு கோயிலில். மஜாபாகித் பேரரசின் கடைசிக் காலமான 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய செத்தோ கோயில் அது. பக்கத்துக் கிராமத்தில் இன்றும் இந்துக்கள் வாழ்கிறார்கள். ஜாவானியர்கள் இந்த மலைக்கு விளையாட்டாக வருவதில்லை, விரதமிருந்து வருகிறார்கள். வழியில் நீரூற்றுக்கு ஊதுபத்தி ஏற்றியிருக்கும். உச்சிக்குச் சற்றுக் கீழே சாப்பாட்டுக் கடைகூட உண்டு. மூவாயிரம் மீட்டருக்கு மேல் உட்கார்ந்து சுடு சோறும் முட்டையும் சாப்பிடும்போது வெள்ளியங்கிரியின் சுக்குக் காபிக் கடை ஞாபகம் வரும்.

இங்கே தலைவலியோ வாந்தியோ வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். உயரம் உங்களுக்கு ஒத்துக்கொள்ள நேரம் வேண்டும் என்று அர்த்தம். அடுத்த மலையில் ஒரு நாள் கூடுதலாகத் திட்டமிடுங்கள்.

ரிஞ்சானி, நாள் நாளாக

லொம்போக் தீவுக்குக் கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாகப் போவது சுலபம். செம்பாலுன் கிராமத்தில் (சுமார் 1,150 மீ) முந்தின இரவு தங்குங்கள். மூன்று பகல் இரண்டு இரவு திட்டத்தையே கேளுங்கள். இரண்டு பகல் திட்டம் மலிவுதான், ஆனால் ஏரிக்கு இறங்காமல் வந்த வழியே திரும்ப வேண்டும்.

முதல் நாள் காலை மஞ்சள் புல்வெளி. நிழலே கிடையாது, தொப்பி அவசியம். மூன்றாவது தங்குமிடம் வரை “இதற்கா இவ்வளவு பயமுறுத்தினார்கள்” என்று தோன்றும். அதற்குப் பிறகு வரும் ஏற்றத்துக்கு உள்ளூர்ப் பெயர் ‘புக்கித் பென்யெசாலான்’, வருத்தப்படும் குன்று. ஒன்றல்ல, ஏழு. ஒவ்வொன்றின் தலையிலும் இதுதான் கடைசி என்று நினைப்பீர்கள். வழிகாட்டியிடம் கேட்டால் “செடிகிட் லாகி” என்பார். இன்னும் கொஞ்சம்தான் என்று பொருள். நம் ஊரில் வழி கேட்டால் “இதோ பக்கத்துலதான்” என்பார்களே, அதே அளவு நம்பகமானது.

மூச்சிரைக்க நிற்கும் உங்களைக் கடந்து போர்ட்டர்கள் போவார்கள். ஒரு மூங்கில் கழி, இரண்டு முனையிலும் கூடை. ஒன்றில் கூடாரங்கள், இன்னொன்றில் அரிசி, அடுப்பு, முட்டை அட்டைகள், சில சமயம் ஒரு முழுத் தர்பூசணி. அசல் காவடி. காலில் ரப்பர் செருப்பு. கழி தோளில் வளைந்து நிமிரும் தாளத்துக்கு ஏற்ப அடி வைக்கிறார்கள், தாளம் தப்பினால் சுமை இரண்டு மடங்காகும். தோள்பட்டையில் தோல் காய்ப்புக் காய்த்து, சப்பாத்தி உருண்டை போலத் திரண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தேன். ஆகவே மிக மலிவான ஏற்பாட்டாளரைத் தேடாதீர்கள். மலிவு எங்கேயிருந்து வருகிறது என்றால் அந்தத் தோளிலிருந்துதான் வருகிறது. அன்பளிப்பை ஏற்பாட்டாளரிடம் தராமல் போர்ட்டரின் கையிலேயே கொடுங்கள்.

மாலைக்குள் எரிமலை விளிம்பு. கீழே பிறை வடிவ ஏரி. பெயர் செகாரா அனாக். செகாரா நம் சாகரம்தான், கடலின் பிள்ளை. ஏரி நடுவே முளைத்து நிற்கும் குட்டி எரிமலை பாருஜாரி, 2015-லும் 2016-லும் கூட வெடித்தது. நீங்கள் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் விளிம்பு 1257-இல் உடைந்த சமாலாஸ் எரிமலையின் மிச்சம். அந்த வெடிப்பின் கந்தகம் வட, தென் துருவப் பனிக்குள் படிந்து கிடந்தது. எந்த எரிமலை என்று தெரியாமல் விஞ்ஞானிகள் பல ஆண்டு தேடினார்கள், 2013-இல்தான் இந்த ஏரி என்று கண்டுபிடித்து எழுதினார்கள்.

இரவு எட்டு மணிக்குப் படுத்துவிடுங்கள். இரண்டு மணிக்கு எழுப்புவார்கள். ஒரு தேநீர், இரண்டு பிஸ்கட், கிளம்ப வேண்டியதுதான். முதல் ஒரு மணி நேரம் செங்குத்து. அடுத்து முகட்டின் மேல் நிதானமான நடை, காற்று மட்டும் ஆளைத் தள்ளும். கடைசிப் பகுதிதான் ரிஞ்சானி. சரளையும் சாம்பலும் கலந்த சரிவு, ஓர் அடி வைத்தால் அரை அடி கீழே போகும். முன்னால் போனவர் பதித்த தடத்திலேயே காலை வையுங்கள், விரல் பக்கத்தைக் குத்தி ஏறுங்கள், ஐம்பது அடி எண்ணிவிட்டு நில்லுங்கள். உட்காராதீர்கள், உட்கார்ந்தால் குளிர் பிடித்துக்கொள்ளும். சூரிய உதயத்தை உச்சியில்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. எனக்கு விடிந்தபோது நான் உச்சிக்கு ஒரு மணி நேரம் கீழே இருந்தேன். மலையின் முக்கோண நிழல் மேற்கே கடலின் மேல் நீண்டு விழுந்ததை நின்று பார்க்க முடிந்தது. மேலே இருந்தவர்கள் செல்ஃபி வரிசையில் நின்றார்கள்.

இறங்கும்போது கவனம். பெரும்பாலான விபத்து ஏறும்போது நடப்பதில்லை. அன்று பகலே ஏரிக்கு இறங்கினால் வெந்நீர் ஊற்றில் காலை நனைக்கலாம். மூன்றாம் நாள் எதிர் விளிம்புக்கு ஏறி, காட்டு வழியே 600 மீட்டர் உயரத்திலுள்ள செனாரு வரை இறக்கம். கிட்டத்தட்ட 2,000 மீட்டர் இறக்கம் ஒரே நாளில். கால் நகத்தை முன்பே ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மறந்தால் பெருவிரல் நகம் கறுத்து, ஊருக்கு வந்து ஒரு மாதம் கழித்து விழும்.

வழிகாட்டி இல்லாமல் போகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 2018 ஜூலை 29 காலை நிலநடுக்கத்தில் பாதைகள் சரிந்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் இந்த மலையில் சிக்கிக்கொண்டார்கள். அப்படியொரு நாளில் வேறு வழி தெரிந்த ஆள் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கெரிஞ்சி

பெயரைக் கேட்டால் காதில் குறிஞ்சி என்றே விழும். இதை வைத்துத் தமிழ் உறவு கட்டுபவர்களும் உண்டு, நான் அந்த வம்புக்குப் போகவில்லை. பாடாங் நகரத்தில் இறங்கிக் காரில் ஏழெட்டு மணி நேரம். அடிவாரம் கெர்சிக் துவோ, டச்சுக்காரர்கள் போட்ட காயு ஆரோ தேயிலைத் தோட்டத்தின் நடுவே. கொழுந்து பறிக்கும் கூடைகளும் லயங்களும் வால்பாறையை நினைவூட்டும்; இங்கே கூலிக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் ஜாவானியர்கள்.

சந்திப்பில் ஒரு புலிச் சிலை நிற்கும். அலங்காரத்துக்கு வைத்ததல்ல. சுமாத்ராப் புலி வாழும் கெரிஞ்சி செப்லாத் பூங்கா அங்கேதான் தொடங்குகிறது. முதல் நாள் 1,800 மீட்டரில் காட்டு வாசல், அங்கிருந்து மூன்றாவது கொட்டகை வரை ஆறு முதல் எட்டு மணி நேரம். கடைசிப் பகுதியில் பாதை என்று ஒன்று இல்லை. தண்ணீர் அரித்த ஆள் மட்டக் குழிக்குள், வேர்களைப் பிடித்துத் தொங்கி ஏறுவீர்கள். பாதையே சேறு, மழை பெய்தால் அதுவே ஓடை. மாற்று உடை ஒரு செட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, என்ன ஆனாலும் தூங்கும்போது மட்டும்தான் பிரிப்பேன் என்று உறுதியெடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதிகாலை உச்சிக்கு இரண்டு மூன்று மணி நேரம். கந்தக வாடை தொண்டையை அறுக்கும், காற்று உங்கள் பக்கம் திரும்பினால் உடனே இறங்குங்கள். இந்த மலை பெரும்பாலும் இரண்டாம் நிலையிலேயே இருக்கும் என்பதால் உச்சி கிடைக்காமல் திரும்ப வேண்டியிருக்கலாம். அப்படியானால் பக்கத்திலேயே டனாவ் குனுங் துஜூ இருக்கிறது, ஏழு மலை சூழ்ந்த எரிமலை ஏரி. அரை நாள் ஏற்றம், வீண்போகாது.

செமேரு: இப்போதைக்கு ஏரியோடு சரி

செமேரு என்றால் சுமேரு. உச்சியின் பெயரே மகாமேரு. பழைய ஜாவானிய நூல் ஒன்று சொல்லும் கதை இது: ஜாவா தீவு நிலைகொள்ளாமல் கடலில் ஆடிக்கொண்டிருந்தது. தேவர்கள் ஜம்புத்வீபத்திலிருந்து மேருவைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஆணி அடித்தாற்போல நிறுத்தினார்கள். முதலில் மேற்கே வைத்தார்கள், தீவு அந்தப் பக்கம் சாய்ந்தது. கிழக்கே தூக்கிப் போனபோது வழியெல்லாம் உதிர்ந்த துண்டுகள்தான் மற்ற மலைகள். வரைபடத்தில் ஜாவாவைப் பார்த்தால், மேற்கிலிருந்து கிழக்காக எரிமலைகள் சிந்திக் கிடக்கும் விதம் கதையோடு ஒத்துப்போகிறது.

2021 டிசம்பர் 4-ஆம் தேதி வெடிப்பில் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மூன்று ஆண்டு மலை மூடியிருந்தது. மறுபடி திறந்தபோது ரானு கும்போலோ ஏரி (2,400 மீ) வரைதான் அனுமதி. வெடிப்புக்கு முன்பும் உச்சிக்கு அதிகாரபூர்வ அனுமதி கிடையாது. காலிமாதி சமவெளியோடு நிற்க வேண்டும் என்பதே விதி, மீறிப் போவதுதான் வழக்கமாக இருந்தது. 1969-இல் சோ ஹோக் கீ என்ற மாணவர் தலைவர் இந்த உச்சியில் விஷவாயுவால் இறந்தார், 27-வது பிறந்தநாளுக்கு முதல்நாள். யாராவது ரகசியமாக உச்சிக்கு அழைத்துப் போகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள்.

மிச்சம் மூன்று

லாத்திமோஜோங் காட்டு மலை, சுலாவெசியின் காப்பித் தோட்டங்கள் வழியாக ஏறும், மூன்று நான்கு நாள். எரிமலை அல்ல என்பதால் நிலை பார்க்க வேண்டியதில்லை. பினாயா கடற்கரையோரக் கிராமத்திலிருந்தே தொடங்கலாம், அதனால் 3,027 மீட்டரையும் கணக்கில்லாமல் ஏறி இறங்கி ஏற வேண்டும். புக்கித் ராயா உயரத்தில் கடைசி, அட்டைக் கடியில் முதல். ஏழையும் முடிப்பேன் என்று சபதம் எடுத்தவர்கள் தவிர மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புன்சாக் ஜெயா

இது நடந்து ஏறும் மலை அல்ல. சுண்ணாம்புப் பாறைச் சுவர். கயிறு, ஹார்னஸ் (இடுப்புப் பட்டை), ஜூமார் (கயிற்றைப் பற்றி ஏறும் கருவி) பழகாமல் கிளம்பக் கூடாது. முகட்டில் ஒரு வெட்டு வரும். கம்பிக் கயிற்றில் நடந்தோ தொங்கியோ தாண்ட வேண்டும், கீழே அதலபாதாளம். பெங்களூரு பக்கம் ராமநகரம் பாறைகளில் ஓராண்டாவது பழகிவிட்டுத்தான் ஏற்பாட்டாளரிடம் பேச வேண்டும். பாப்புவாவின் திமிக்கா நகரத்திலிருந்து ஹெலிகாப்டரில் 4,200 மீட்டருக்கு மேலுள்ள மஞ்சள் பள்ளத்தாக்கில் இறக்கிவிடுவார்கள். கடல்மட்டத்திலிருந்து அரை மணி நேரத்தில் அவ்வளவு உயரம் போனால் உடம்பு சண்டை போடும், அங்கே இரண்டு மூன்று நாள் சும்மா இருக்க வேண்டும். காட்டு வழி நடைக்கு ஆயுத மோதல்களால் உத்தரவாதம் கிடையாது. பக்கத்தில் உலகின் மிகப் பெரிய தங்கச் சுரங்கங்களில் ஒன்று இயங்குகிறது. அதன் சாலை மலையேறிகளுக்கானதல்ல. 2025 மார்ச் தொடக்கத்தில் அனுபவமுள்ள இரண்டு இந்தோனேசியப் பெண்கள் இங்கே இறங்கும் வழியில் குளிரால் இறந்தார்கள். மழை, காற்று, இரவு மூன்றும் சேர்ந்தால் நிலநடுக்கோட்டுக்கு நான்கு டிகிரி தள்ளியும் உடல் விறைக்கும்.

1623-இல் ஜான் கார்ஸ்டென்ஸ் என்ற டச்சு மாலுமி கப்பலிலிருந்து இந்த மலையில் பனி பார்த்ததாக எழுதினார். நிலநடுக்கோட்டில் பனியா என்று ஐரோப்பாவில் சிரித்தார்கள். 1962-இல் ஆஸ்திரிய மலையேறி ஹைன்ரிஷ் ஹாரரின் குழு முதன்முதலில் உச்சியைத் தொட்டபோது பக்கத்து முகடுகள் பனியாறுகளால் மூடியிருந்தன. இப்போது மிஞ்சியிருப்பது அரை சதுர கிலோமீட்டருக்கும் கீழே. ஹெலிகாப்டரில் போகிறவர்கள் இடது பக்க ஜன்னலா வலது பக்க ஜன்னலா என்று விமானியிடம் கேட்டு உட்காருங்கள், அந்த வெள்ளைத் துண்டு கண்ணில் படுவது சில வினாடிதான்.